பிச்சாவரத்துத் துடுப்புக்காரர்

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால், கிள்ளையைக் கடந்து பிச்சாவரத்தை அடையலாம். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதும், முஸ்லிம் அன்பர்கள் அவருக்கு மரியாதை செய்வதும் இக்கிள்ளையிலேதான். அதற்காகவே இவ்வூருக்கு ஒருமுறை வரலாம். நாம் வந்தது கண்டல் காட்டைப் பார்க்க.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறக்குறைய 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கிறது இக்காடு. சுரபுன்னை தன் வளைந்த வேர்களை ஊன்றுகோல்போல் நீரில் நாட்டி நிற்கிறது. வெண்கண்டலின் மூச்சுவேர்களோ சேற்றினின்று ஆணிகளைப்போல் மேல்நோக்கி நிற்கின்றன. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை விருக்ஷத்தை அந்நகரில் காண்பதரிது, இங்கே உண்டு. “கை வைக்காதீங்க ஐயா! பால் கண்ணிலே பட்டால் பார்வைக்கே ஆபத்து” என்று தடுத்தார் நமது துடுப்புக்காரர்.

அவர் இருளர் குலத்தவர். படித்து உத்தியோகம் பெற்ற வனக்காவலர் அல்லர். ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்ததே அவருடைய பள்ளிக்கூடம். எந்த ஓடை எந்த ஓதத்தில் வற்றும், நீர்நாய் எங்கே கரையேறும் என்பதெல்லாம் அவருக்கு அங்கே கிடைத்த பாடம்.

அந்நிய சர்க்காரின் வன இலாகா இக்காட்டை விறகுக் கிடங்காகவே மதித்தது. பகுதி பகுதியாக, ஒரு மரமும் விடாது வெட்டினார்கள். சுதந்திரம் வந்த பின்னரும் அவ்வழக்கம் சுமார் 1970 வரை நீடித்தது என்பதை ஒளிப்பானேன்? வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது. தொட்டிபோலான அப்பள்ளத்தில் கடல்நீர் தேங்கி வற்ற, உப்பு மிகுந்து கன்றுகள் கருகின. பழியோ ஆடு மாடு மேய்த்த ஏழைகளின் தலையில் விழுந்தது!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணத்தை எடுத்துக்காட்டினர். வன இலாகாவும் கிராமத்தாரும் அவர்களோடு சேர, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் ஏறி இறங்கவே உப்பு கழுவப்பட்டது. கரையில் நட்டவை தழைத்தன. அன்று கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர்களுள் நம் துடுப்புக்காரரும் ஒருவர். பிறகு படகுத்துறையில் வேலை கிடைத்தது; விருந்தினருக்குக் காடு காட்டத் தொடங்கினார்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கடற்கரை மணலில் மறைப்பின்றிக் கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது, காட்டுக்குப் பின்னிருந்த குப்பங்கள் பெரும்பாலும் பிழைத்தன. தூரமும் மேட்டு நிலமுமே காரணம் என்று வாதிக்கும் நிபுணரும் உண்டு. துடுப்புக்காரரிடம் அவ்வாதம் செல்லாது.

2022-ல் இக்காடு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலக மரியாதைதான், மகிழ்ச்சியே. ஆனால் மழை பிடித்துப் படகு நின்றுவிட்ட நாட்களில் இவர் வீட்டு அடுப்புக்கு அதனால் என்ன லாபம்? காட்டைக் காக்கும் உத்தியோகங்களில் முதல் உரிமை இவர்களுக்கே என்பது நம் அபிப்பிராயம்.

திரும்பும் வழியில், நேர்கோடாய் நின்ற மரவரிசை ஒன்றைத் துடுப்பால் சுட்டினார். “இது நாங்க நட்டது ஐயா. வாய்க்கால்லே வண்டல் ஏறியிருக்கு, சீக்கிரம் தூர் வாரணும்” என்றார். நாம் எட்டிப் பார்த்தோம். ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு சாண் நீர்கூட இல்லை.