எழுபது ராத்தல் மணல்

வேட்டை என்றதும் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்று உண்டு. யானைமேல் அம்பாரி, சுற்றிலும் பறையடித்து மிருகங்களை விரட்டும் ஆட்கள், நடுவில் ஒரு துரையோ ஜமீன்தாரோ, அவர் காலடியில் செத்த புலி. 1972-ம் வருஷத்துச் சட்டம் நம் தேசத்தில் அந்த விளையாட்டுக்கு முடிவு கட்டிவிட்டது. அதற்காக வருந்துவோர் அதிகம் இரார்.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து டுராங்கோ நகரில் நாம் கண்ட வேட்டை முற்றிலும் வேறு விதமானது. அங்கே வேட்டைக்காரர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். பரிவாரமோ அவருடைய பத்தொன்பது வயதுப் புதல்வி ஒருத்திதான். நாம் அவ்வீட்டு விருந்தாளி.

டுராங்கோ சுமார் 6,500 அடி உயரத்தில், நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே தாழ்வாக இருக்கிறது. அதற்கு அப்பால் ஸான் வான் மலைத்தொடரில் வெமினூச் என்னும் வனப்பிரதேசம் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் பரந்து கிடக்கிறது. சக்கரமுள்ள எதுவும் அதற்குள் செல்லலாகாது. சைக்கிளும் ஆகாது, கைவண்டியும் ஆகாது. நடந்து போகலாம், அல்லது குதிரை, கோவேறு கழுதைமேல் போகலாம்.

தேடிப் போவதும் ஒரு விதத்தில் கோவேறு கழுதையையே! அம்மலைகளில் வாழும் மானுக்கு அதுதான் பெயர். காது அவ்வளவு பெரிது. 1805-ல் அந்நாட்டின் மேற்குத் திசையை ஆராயச் சென்ற காப்டன் லூயிஸ், இந்தக் காதைக் கண்டே அப்பெயரை வழங்கினார். கொம்பு இரண்டிரண்டாகக் கவைத்து வளரும். மிரண்டால் நான்கு கால்களையும் ஒருங்கே ஊன்றிப் பந்தைப்போல் துள்ளிப் போகும்.

வேட்டை அக்டோபர் இறுதியில். அனுமதி கேட்டு ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், கிடைப்பது குலுக்கலில்தான். நண்பர் மூன்று வருஷம் ஏமாந்து நான்காம் வருஷம் சீட்டுப் பெற்றிருந்தார். ஆகவே அவருடைய உற்சாகத்துக்கு அளவில்லை. தேசப்படத்தில் ஒரு பள்ளத்தாக்கைச் சிவப்புப் பென்ஸிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். சாலையிலிருந்து 7 மைல். பெரிய கொம்புள்ள மான்கள் அங்கேதான் இருக்கும் என்பது அவர் துணிபு.

நாம் சென்றது ஆகஸ்டு மாதம். ஒரு நாள் காலையில் அவர் கித்தான் பையில் மணலை நிரப்பித் தராசில் நிறுத்தார். 70 ராத்தல்! இது எதற்கு என்று கேட்டோம். உயிரோடு 200 ராத்தல் உள்ள மானை எலும்பு நீக்கி எடுத்தால் இறைச்சி ஏறத்தாழ இவ்வளவு நிற்குமாம். அதைச் சுமந்துகொண்டு ஊருக்குப் பின்னாலிருந்த குன்றின்மேல் ஏறினார். நாம் வெறுங்கையோடு பின்சென்றும் மூச்சு வாங்கிற்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். ஏறும்போது அவருக்கு ஒன்றும் நேரவில்லை. இறங்கும்போதுதான் வலது முழங்கால் மடங்கிவிட்டது. பாறையில் உட்கார்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை.

அன்றிரவு புதல்வி கணக்குப் போட்டாள். இறைச்சி 70 ராத்தல், தலை வேறு, கூடாரம், படுக்கை, உணவு எல்லாமாக 80 ராத்தல். இருவரும் ஒரே நடையில் கொண்டுவர முடியாது. இரண்டு நடையென்றால் 7 மைல் பாரத்தோடு, 7 மைல் வெறுமனே, மறுபடி 7 மைல் பாரத்தோடு. "இருபத்தொரு மைல் அப்பா! அதற்குள் பகல் வெயிலில் இறைச்சி என்ன ஆகும்?"

கேள்வி சாதாரணமானதன்று. கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு இறைச்சியைக் காட்டில் விட்டு வருவது அம்மாகாணத்தில் கடுங்குற்றம். தலையைச் சுமப்பதும் வீண் பெருமைக்காக அல்ல. 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலாக ஓர் உருக்கி நோய் காணப்பட்டது. பிறகு காட்டு மான்களிடமும் பரவிற்று. சமைத்தாலும் அழியாத ஒருவகைக் கெட்ட புரதம் அதற்குக் காரணம். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான செய்தி இல்லை. எனினும் நோய் கண்ட மானின் இறைச்சியை உண்ணலாகாது என்பது வைத்தியர்கள் புத்திமதி. சோதனைக்குத் தலை வேண்டும்.

நண்பர் ரப்பரை எடுத்துச் சிவப்பு வட்டத்தை அழித்தார். 3 மைலில் புதிதாக ஒரு கோடு வரைந்தார். அதற்கப்பால் எந்த மான் நின்றாலும் சுடுவதில்லை என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

மற்ற ஆயத்தங்களை விரிப்பானேன்? கரடிக்கு எட்டாதபடி உணவைக் கட்டித் தொங்கவிடக் கயிறு. சட்டப்படி 500 சதுர அங்குலம் பளபளக்கும் ஆரஞ்சு உடுப்பு. மனிதர் கண்ணில் தீயாய்த் தெரியும் அந்த நிறம் மானுக்கு மங்கல்தான். உள்ளே கம்பளி. கதர் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்: நனைந்த பருத்தி அக்குளிரில் ஆளையே கொன்றுவிடும். துப்பாக்கியைப்பற்றி அவர்கள் பேசியது மிகக் குறைவு. காற்றைப்பற்றியே பேச்சு. வெயில் ஏறினால் காற்று சரிவில் மேல்நோக்கிப் போகும். மாலை குளிர்ந்தால் கீழ்நோக்கி இறங்கும். மனித வாடை போகும் திசையில் மான் நில்லாது.

நவம்பரில் கடிதம் வந்தது. நான்காம் நாள் மாலை, கோட்டுக்கு அப்பாலிருந்த ஓடையின் மறுகரையில், அவர் ஆயுளில் கண்டிராத கொம்புடன் ஒரு மான் நின்றதாம். தூரதிருஷ்டிக் கண்ணாடியை மகளிடம் கொடுத்துவிட்டு, இருட்டும்வரை மாறி மாறிப் பார்த்தார்களாம். மறுநாள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய ஆண்மான் கிடைத்தது. இறைச்சி இரண்டு நடையில் கீழே இறங்கிற்று. தலையைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வரும்வரை பனிப்பெட்டியை யாரும் திறக்கக் கூடாதென்று புதல்வி உத்தரவு போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.