பாடசாலை நாட்காட்டியும் விடுமுறைப் புள்ளிகளும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், குறிப்பாக ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளின் ஆசைக்காகப் புளோரிடாவின் ஒர்லாண்டோ நகருக்கு மேற்கொள்ளும் பயணம், சில வேளைகளில் ‘டைம்ஷேர்’ எனப்படும் விடுமுறைப் பங்குரிமையை வாங்குவதில் முடிகிறது. ஒரு விடுதியின் அறைகளைப் பலர் கூட்டாக வாங்கி, ஆண்டின் வெவ்வேறு நாட்களில் முறைவைத்துத் தங்கும் இந்த ஏற்பாட்டில் சேர எண்ணுவோர், விற்பனை விலையை ஆராய்வதற்கு முன்பாகவே, பருவத்துக்குப் பருவம் மாறும் அதன் புள்ளிக் கணக்கை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

தொடக்க காலத்தில் வாங்குபவருக்கு ஆண்டில் ஒரு வாரம் ஒதுக்கப்பட்டது. 1974இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆர்.சி.ஐ. என்னும் விடுமுறை வாரப் பரிமாற்ற நிறுவனம் வாரங்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் எனத் தரம் பிரித்து, மக்கள் மிகுதியாக நாடும் காலத்துக்குச் சிவப்பை அளித்தது. 1991இல் ஒர்லாண்டோவில் முதல் விடுதியைத் திறந்த டிஸ்னி வெக்கேஷன் கிளப் போன்றவை வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை விற்றன. உறுப்பினரின் கணக்கில் ஆண்டுதோறும் குறித்த தொகைப் புள்ளிகள் சேர, அறையின் அளவு, பருவம், வார நாளா வெள்ளி சனியா என்பவற்றைப் பொறுத்து ஒவ்வோர் இரவுக்கும் வேறுவேறு புள்ளிகள் கழிக்கப்படுகின்றன. டிஸ்னி திட்டத்தில் ஐந்தாக இருந்த பருவப் பிரிவுகள் 2021ஆம் ஆண்டு அட்டவணை முதல் ஏழாகின.

இம்முறையின் உயிர்நாடி, ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகை மாறாது என்னும் விதியில் இருக்கிறது. விடுதியின் எல்லா இரவுகளுக்குமான மொத்தப் புள்ளிகள் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டமையால், நிர்வாகம் ஒரு நாளின் புள்ளியை உயர்த்தினால் இன்னொரு நாளின் புள்ளியைக் குறைத்தாக வேண்டும். ஆகவே செப்டம்பரில் ஓர் உறுப்பினர் மிச்சப்படுத்தும் புள்ளிகளை, கிறிஸ்துமஸ் வாரத்தில் தங்கும் மற்றோர் உறுப்பினரே செலுத்துகிறார் எனலாம். விதி எல்லோருக்கும் ஒன்றே என்றாலும், நாளைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதே இங்கு எழும் உண்மையான சிக்கல்.

பாடசாலை செல்லும் பிள்ளைகளையுடைய குடும்பத்தின் நாட்காட்டியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். பெப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை ஒன்ராறியோவின் குடும்ப தினம். அமெரிக்கர்களின் சனாதிபதிகள் தினமும் அதே நாளில் வருவதால் புள்ளிகள் ஏறிவிடுகின்றன. மார்ச் நடுவில் வரும் பாடசாலை விடுமுறை அமெரிக்க வசந்த விடுமுறையோடு மோதுகிறது. டிசம்பர் இறுதி யாவற்றிலும் உச்சம். புள்ளிகள் தாழ்ந்திருக்கும் செப்டம்பரோ புதிய கல்வியாண்டு தொடங்கும் மாதம். அட்லாண்டிக் புயல்கள் உச்சமடையும் காலமும் அதுவே. தைப்பொங்கலை ஒட்டிய சனவரி நாட்களும் மலிவானவையே எனினும், அப்போது பாடசாலைகள் நடந்துகொண்டிருக்கும். செப்டம்பரில் ஓர் இரவுக்குப் பத்துப் புள்ளி, டிசம்பர் இறுதியில் இருபது என்று வைத்துக்கொண்டால், நூற்றிருபது புள்ளிகள் உள்ள குடும்பத்துக்குச் செப்டம்பரில் பன்னிரண்டு இரவுகள் கிடைக்க, டிசம்பரில் ஆறு மட்டுமே கிடைக்கும். விற்பனை மேசையில் காட்டப்படும் கணக்கு எந்த மாதத்துக்குரியது என்று கேட்காமல் கையொப்பமிடுவது, ஆகவே, பெரும் இழப்பில் முடியக்கூடும்.

புலம்பெயர்ந்தோர்க்குச் சொந்த ஊரின் நாட்காட்டியும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் செல்லும் ஆண்டில், அது கோடை விடுமுறையோடு ஒட்டி வருவதால், குடும்பம் விமானச் சீட்டுக்கும் உச்ச விலை கொடுக்கிறது; ஒர்லாண்டோப் புள்ளிகள் அவ்வாண்டு பயனின்றிக் கிடக்கின்றன. அவற்றை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்க இடமுண்டு எனினும், டிஸ்னி திட்டத்தில் உறுப்பினருக்குரிய பயன்பாட்டு ஆண்டின் முதல் எட்டு மாதங்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்பதோடு, ஒருமுறை சேமித்த புள்ளிகளை மீண்டும் சேமிக்கவும் இயலாது.

புள்ளி எந்தப் பருவத்தில் செலவானாலும், செலவாகாமலே போனாலும், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் புள்ளிக்கு இவ்வளவு என்று அறவிடப்படுகிறது. கனேடிய டொலரில் உழைத்து அமெரிக்க டொலரில் கட்டும் குடும்பத்துக்கு நாணய மாற்று விகிதமும் மேலதிகச் சுமையாகிறது. கையொப்பமிட்ட பின் மனம் மாறுவோர்க்குப் புளோரிடாச் சட்டமும் ஒன்ராறியோச் சட்டமும் தத்தம் எல்லைக்குள் பத்து நாள் அவகாசம் தருகின்றன. வாங்கியவர்கள் அந்த நாட்களில் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகளின் பாடசாலை நாட்காட்டியையும் புள்ளி அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதாகும்.

மலிவான பருவத்தைப் பயன்படுத்தத்தக்கவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்களே என்று தோன்றலாம். ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் பாடசாலையும் இல்லை, வேலையும் இல்லை. ஆயினும் 2011இல் கனடா அறிமுகப்படுத்திய, பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நீண்டகாலம் தங்க வழிசெய்யும் சூப்பர் விசா, அவர்களை அமெரிக்க எல்லையைக் கடக்க அனுமதிப்பதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் பயணிப்பவர் அமெரிக்க விசாவைத் தனியே பெற வேண்டும். அது கிடைக்காதவரை, வீட்டில் நாளைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் உள்ள இருவரும் செப்டம்பரை ஸ்காபரோவிலேயே கழிக்கின்றனர்.