வளை இல்லாத வீட்டில் ஏணை

சுவிசில் உணவகங்களில் வேலை செய்கிற எங்கட ஆக்களுக்கு 'சிம்மர்ஸ்டுண்ட' என்றால் உடனே விளங்கும். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, பின்னேரம் திரும்பக் குசினிக்குள் போகுமட்டும் கிடைக்கிற இரண்டு மூன்று மணித்தியாலம். அந்த நேரம் கட்டிலில் விழுந்தால் எழும்ப மனம் வராது. கதிரையில் இருந்தால் நாரி நோ விடாது. எனக்குச் சரிவந்தது ஹெங்கமட்ட. கொலம்பஸ் 1492இல் பஹாமாஸ் தீவுகளில் கண்டு எழுதி வைத்த அதே தொங்குபடுக்கை. பெரியாக்களின்ர ஏணை என்று வைத்துக்கொள்ளுங்கோ.

எங்கே கட்டுகிறது? ஊரில் வளைக்கு மேலால் அம்மாவின்ர சீலையை எறிந்து முடிச்சுப் போட்டால் ஏணை முடிந்தது. இங்கே வாடகை வீடு. பல்கனிக் கூரையில் துளை போடுவதென்றால் வீட்டுக்காரனிடம் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றுவிட்டார். பல்கனிக் கம்பியில் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஏ.எல். கணிதம் படித்தவர்கள் இலாமியின் தேற்றத்தை நினைத்துப் பாருங்கோ. (கம்பஸில் இரண்டு வருடம் படித்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது இப்படியான கணக்குகள்தான்.) ஆள் 80 கிலோ. கயிறு கிடையோடு 30 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் இழுவை 80 கிலோ. 15 பாகை என்றால் 155. இன்னும் இறுக்கி 10 பாகையில் கட்டினால் 230 கிலோ! இதில் பெரும்பங்கு பக்கவாட்டில் இழுக்கிற இழுவை. தனியே நிற்கிற செங்கல் தூணில் கட்டி, தூண் சரிந்து விழுந்து ஆட்கள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால் தொய்வாகக் கட்டுங்கோ. இரண்டு முனைக்கும் இடைத்தூரம் படுக்கையின் நீளத்தில் 83 சதவீதம் இருந்தால் கிட்டத்தட்ட அந்த 30 பாகை வரும்.

கடையில் விற்கிற இரும்புத் தாங்கி கெட்டதில்லை. ஆனால் வாங்க முதல் நீளத்தை அளந்து பாருங்கோ. என்னோடு வேலை செய்கிற ஒருவர் வாங்கியது மூன்று மீற்றருக்கு மேலே. பல்கனிக்குள் போகாமல் இப்போது நிலவறையில் கிடக்கிறது.

நான் செய்தது இரண்டு முக்காலி, நடுவில் ஒரு முகட்டு வளை. முக்காலி ஒவ்வொன்றும் 1.7 மீற்றர் மரக்கால் மூன்று, மேலே ஒரு பூட்டாணி. வளை 42 மில்லிமீற்றர் இரும்புக் குழாய். படுக்கையின் நீளம் 3.3 மீற்றர் என்பதால் வளை 2.75. படுக்கையை வளையின் இரண்டு முனையிலும் மாட்டினால், பக்கவாட்டு இழுவை முழுவதையும் குழாயே வாங்கிக்கொள்ளும். எதிரெதிராக இழுப்பது குழாயை நெருக்கும், அவ்வளவுதான். முக்காலிகளுக்கு வருவது ஆளுக்குப் பாதியாக 40 கிலோ. சுவர் வேண்டாம், மரம் வேண்டாம், யாரிடமும் அனுமதி வேண்டாம்.

குழாயை மூன்று துண்டாக வெட்டுங்கோ. இரண்டாக வெட்டினால் இணைப்பு சரி நடுவில் வரும், வளைகிற இடமும் அதுதான். இணைப்புக்கு உள்ளே சரியாக இறுகுகிற சின்னக் குழாய் ஒன்று, கையளவு நீளம் இரண்டு பக்கமும் போக வேண்டும். பல்கனி ஓட்டில் கால்கள் வழுக்கி விரியும். மூன்று காலையும் கீழே கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டால் அசையாது. எல்லாம் சேர்த்து 12 கிலோ வருகிறது. கழற்றினால் ஒரு கட்டு. வீடு மாறினால் கூடவே வரும். இந்த நாட்டுக்கு வந்து நான் மாறியது ஆறு வீடு.

படுக்கையின் அடி கதிரை உயரத்துக்கு மேலே போகவேண்டாம். பிள்ளைகள் உள்ள வீடென்றால் இன்னும் பதிவாக, பல்கனிக் கம்பியிலிருந்து தள்ளி வையுங்கோ. அதுகள் படுக்காதுகள், ஊஞ்சல்தான் ஆடுங்கள். என்ர சின்னவள் ஏணை என்ற சொல்லை இதில்தான் படித்தவள். நான் வேலைக்கு வெளிக்கிட முதலே வந்து இடம் பிடித்துவிடுவாள்.