நூர் தட்டிய மோர்ஸ்



"பொம்பளப் புள்ளைக்கு ஒயர்லெஸ் படிப்பு எதுக்குடி?" அண்ணாமலையார் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா கேட்டபோது பதில் தெரியவில்லை. பிறகுதான் நூர் இனாயத் கானைப் பற்றிப் படித்தேன்.

திப்பு சுல்தான் வம்சம். 1943 ஜூனில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இங்கிலாந்து ரகசியமாக அனுப்பிய முதல் பெண் ஒயர்லெஸ் ஆபரேட்டர். கூட்டாளிகள் பிடிபட்டதும், 'திரும்பி வா' என்றார்கள், மறுத்துவிட்டார். ஒரே இடத்தில் அதிக நேரம் மோர்ஸ் தட்டினால், அலை வரும் திசையை வைத்தே எதிரி பிடித்துவிடுவான். இடம் மாறி மாறி அனுப்பினார். அக்டோபரில் சிக்கினார். 1944 செப்டம்பர் 13-ல் டாஹவ் முகாமில் கொன்றார்கள். வயது 30.

அம்மாவிடம் சொன்னேன். பூத் தொடுத்த கை நின்றது.

"அந்தப் பொண்ணுக்குப் பயமா இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்மா."

சுருக்குப்பையைத் திறந்து பரீட்சைப் பணத்தை எண்ணி வைத்தார்.

"லேபுக்கு நேரமாச்சு, கெளம்பு."