பெட்டிக்குள் உறங்கும் படங்கள்



கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர்களைக் கொண்ட இல்லங்கள் பலவற்றில், பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஸ்லைடுப் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்துக்குள் அடங்கிய அச்சிறு பிலிம் துண்டை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். அச்சிட்ட புகைப்படம் பழுதானால் நெகட்டிவைக் கொண்டு மீண்டும் அச்சிடலாம். ஸ்லைடுக்கு நெகட்டிவ் கிடையாது. காமிராவினுள் ஒளியை ஏற்ற அதே பிலிம்தான் சட்டத்துக்குள் இருக்கிறது. அது அழிந்தால் படமே அழிந்ததாகும்.

மர்ஹூம் சாச்சா 1970களில் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்த நானூறு ஸ்லைடுகள் எங்கள் இல்லத்தில் உள்ளன. வாப்பாவைப் பெற்ற அன்னையாரின் முகம் அவற்றுள் ஒன்றில் மட்டுமே பதிந்துள்ளது. கடலோர ஊரின் ஈரக்காற்றில் சிலவற்றில் பூஞ்சை படர்ந்துவிட்டது. சிலவற்றில் மற்ற வண்ணங்கள் மங்கிச் செம்மை ஏறிவிட்டது.

இவற்றைக் கணினியில் ஏற்றித் தர நகரத்தில் கடைகள் உண்டு. ஆயினும் வீட்டுப் பெண்களின் படங்களை அந்நியர் கையில் ஒப்படைக்க உம்மா இசையவில்லை. அதனால் வீட்டிலேயே செய்வதற்குரிய கருவியைத் தேடலானேன். அத்தேடலில் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

கருவிகள் நான்கு வகைப்படும். முதலாவது, ஸ்லைடைச் செருகியதும் சில விநாடிகளில் படம்பிடித்துவிடும் சிறு பெட்டி. விலை குறைவு, வேலையும் விரைவு. ஆனால் மிக இருண்ட, மிக வெளிறிய பகுதிகளின் நுட்பம் அதில் தப்பிவிடும். இரண்டாவது, தட்டையான ஸ்கேனர். மூடியிலும் விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். காகிதங்களுக்கான சாதாரண ஸ்கேனரில் ஸ்லைடு இருண்டே தெரியும். மூன்றாவது, பிலிமுக்கென்றே அமைந்த ஸ்கேனர். தெளிவில் சிறந்தது, விலையும் நேரமும் அதிகம். நான்காவது, மேக்ரோ லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் காமிராவும் வெண்ணிற ஒளிப்பலகையும்.

விளம்பரத்தில் காணும் பெரிய எண்களில் மயங்கிவிடாதீர்கள். 24க்கு 36 மில்லிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் வீதம் பதிந்தாலே ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஏ4 தாளில் அச்சிட அதுவே போதும்.

தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்குமுன் ஸ்லைடின் சட்டத்தைப் பாருங்கள். 1935இல் அறிமுகமாகி 2009இல் உற்பத்தி நின்ற கோடாக்ரோம் பிலிமிலும், கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் அவ்வசதி சரிவரப் பயன்படாது.

நேரத்தையும் கணக்கிடுங்கள். படத்துக்கு நான்கு நிமிடம் என்றால், நானூறு படங்களுக்கு ஏறத்தாழ 27 மணி நேரமாகும். பத்திருபது ஸ்லைடுகளே உள்ளவருக்கு இது சுமையன்று. எங்களுக்கோ காமிராவே ஏற்றதாயிற்று. காக்காவின் மகனிடம் காமிரா முன்பே இருந்தது. லென்ஸுக்கும் ஒளிப்பலகைக்கும் ஆன செலவை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொண்டோம். மதரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் வேலை நடக்கிறது.

எக்கருவியாயினும், முதலில் ரப்பர் ஊதியால் தூசியை அகற்றுங்கள். பூஞ்சை பிடித்த ஸ்லைடில் நீர் படவே கூடாது. பூஞ்சையால் நலிந்த படலம் நீரில் கரைந்துவிடும். பதிந்தவற்றை இரு வேறு இடங்களில் சேமியுங்கள். மூல ஸ்லைடுகளை எறிந்துவிடாமல், ஈரமில்லாத இருண்ட இடத்தில் பாதுகாத்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. வீட்டுப் பெரியவர்களை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நானூறில் அறுபதுக்கும் மேற்பட்ட முகங்களை அடையாளம் சொல்ல, இன்று உம்மா ஒருவரே இருக்கிறார். கருவியை அடுத்த மாதமும் வாங்கலாம். கேட்க வேண்டியதை இன்றே கேட்டுவிடுங்கள்.