மகோகனிக் கிற்றார்

பசு வாங்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான். காணி வாங்கப் போகிறவன் உறுதியைப் பார்க்கிறான். துணி வாங்கப் போகிறவன் நெசவைத் தடவிப் பார்க்கிறான். வாத்தியம் வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பது? "ஒலியைக் கேட்பது" என்று இலகுவிற் சொல்லிவிடலாம். ஆனால், கடைக்குள்ளே காலடி வைத்ததும் காதுக்கு முன்னே கண் ஓடிவிடுகின்றது. கண்ணுக்கும் முன்னே பெயர் வந்து நிற்கின்றது. இவற்றுக்கெல்லாம் பின்னே, கையிலுள்ள பணம் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டு மெல்ல வருகின்றது. இந்நால்வரையும் ஓர் அவையில் இருத்தித் தீர்ப்புப் பெறுவது எளிதன்று. அவ்வாறு ஒருமுறை நாம் தீர்ப்புப் பெற்ற வரலாற்றை, பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோர்க்குப் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதந் தொடக்கம் ஓராண்டு காலம், கற்கை விடுமுறையில், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே குடும்பத்துடன் தங்கியிருக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. மகளுக்கு அப்பொழுது வயது பதினாறு. யாழ்ப்பாணத்தில் ஆறு வயது முதலே வாய்ப்பாட்டுப் பயின்றவள். அந்நிய ஊருக்குச் சென்றபின் மூன்று மாத காலம் அவள் பாடவேயில்லை. மெல்லிய மரச்சுவருக்கு அப்பால் அயலவர் இருக்கிறார்கள் என்ற கூச்சம் முதலில் வந்தது; பின்னர் மௌனமே பழகிப்போயிற்று. பாடசாலையிலும் அதிகம் பேசுவதில்லையென்று அறிந்தோம். மார்கழி மாதத்தில் ஒருநாள், பாடசாலைச் சங்கீத ஆசிரியை, பாடசாலைக்குச் சொந்தமான மகோகனிக் கிற்றார் ஒன்றை அவள் கையிற் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வாரஞ் சென்றபின் ஒரு மாலையில் உள்ளறையிலிருந்து பாட்டுக் கேட்டது. அவளுடைய தாயார் அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியுங் கையுமாக அசையாது நின்று கேட்டதை நாம் கண்டோம்.

அந்தக் கிற்றாரை ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆகவே, அவளுக்கென ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம். பணத்துக்கு வழி? அம்மம்மா தம் பேத்திக்குக் காப்புச் செய்விக்கவென்று தந்த தொகை ஒன்று தொடாமல் இருந்தது. நாம் தொலைபேசியில் அழைத்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். "காப்பெண்டால் பெட்டிக்குள்ள கிடக்கும், தம்பி. பிள்ளை பாடினால் நாங்களும் கேட்கலாம். வாங்கிக் குடுங்கோ. ஆனால் பார்த்து வாங்குங்கோ" என்றார் மாமியார். காப்புப் பணத்துடன் எமது சேமிப்பிலிருந்து சிறிது சேர்த்து 1000 டொலர் என்று எல்லை வகுத்தோம். ஒரு டொலர் 300 ரூபாவுக்கு மேல் விற்ற காலம் அது. எமது சம்பளத்திலே நான்கு மாதத்துக்கு மேற்பட்ட தொகை. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

மகள் கேட்டதோ, பாடசாலையில் அவள் வாசித்ததைப் போன்று, முழுதும் மகோகனியால் அமெரிக்காவிற் செய்யப்பட்ட கிற்றார்.

மகோகனி எமக்கு அறிமுகமில்லாத மரமன்று. அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குருநாகல், கண்டிப் பகுதிகளில் வளர்ந்து நிற்கின்றது. அதன் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவுமாம். வீணைக்குப் பலாவும் நாதசுரத்துக்கு ஆச்சாவும் அமைந்தது போலக் கிற்றாரின் முகப்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தையே இடுவர். அது பாரம் குறைந்தது, விறைப்பு மிகுந்தது. தந்தியைத் தொட்டதும் ஒலி பாய்ந்து செல்லும். மகோகனி அதனினும் அடர்த்தி கூடியது. பின்பலகை, பக்கப்பலகைகளோடு முகப்பலகையும் மகோகனியாயின், ஒலியின் ஆர்ப்பாட்டம் குறையும். மேலெழும் துணைநாதங்கள் அடங்கி மூலநாதம் முன்னே நிற்கும். பலர் கூடி வாசிக்கும் சபையில் அது பின்தங்கலாம். தனிக்குரலுக்குத் துணைசெய்ய அஃதே ஏற்றது. குரலின்மேல் ஏறி நடவாது அருகே நடக்கும்.

இவ்வகைக் கிற்றாரின் பிறப்பு வரலாறும் சுவையானது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்ட்டின் என்பவர் 1833 இல் நியூயோர்க்கில் தொடங்கிய தொழில், 1839 அளவில் பென்சில்வேனியாவின் நாசரேத்து என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அந்நிறுவனம் 1922 இலே 2-17 என்னும் சிறு கிற்றாரை, முகப்பலகையும் மகோகனியாக, உருக்குத் தந்திக்கென்றே அமைத்து, குறைந்த விலைக்கு விற்கலாயிற்று. 1929 இன் பின் வந்த பொருளாதார மந்த காலத்திலும் அலங்காரமற்ற இத்தகைய வாத்தியங்களே எளியவர் கைக்கு எட்டின. ஆகவே, மகோகனிக் கிற்றார் எளிய வீட்டுப் பிள்ளையாகவே பிறந்தது எனலாம். குறைந்த பணத்துடன் அதைத் தேடிச் செல்வது அதன் குலத்துக்கு இழுக்கன்று.

அந்த நாசரேத்து ஊர் எமது வாடகை வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு உட்பட்டது. ஊர் அருகே இருந்தாலும் விலை அருகே வரவில்லை. அங்கே செய்யப்படும் முழு மகோகனிக் கிற்றார்களுள் எளியது 15 என்னும் வரிசை. மிகுந்த அலங்கார வேலைப்பாடு இல்லை. பளபளக்கும் மெருகும் இல்லை. அதுவும் புதிதாயின் 1500 டொலருக்கு மேல். ஆயிரத்துக்குக் குறைந்த விலையில் அதே நிறுவனத்தின் பெயர் பொறித்தவை பல கடையிலே தொங்கின. அவை மெக்சிக்கோ நாட்டின் நவோஹோவா என்னும் நகரில் ஆனவை. டெய்லர் நிறுவனமும் அவ்வாறே கலிபோர்னியாவில் ஒரு பகுதியையும் மெக்சிக்கோவின் தெகாத்தேயில் ஒரு பகுதியையும் செய்கின்றது. 1952 இல் நியூயோர்க்கில் தோன்றிய கில்ட் பல மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்தது. அப்பெயரில் அமெரிக்காவில் ஆனவையும் உள, பிற நாடுகளில் ஆனவையும் உள. ஆகையால், தலைப்பலகையிலுள்ள பெயரை வாசித்தாற் போதாது. ஒலித்துளையூடாக உள்ளே நோக்கி, ஒட்டியுள்ள சீட்டையும் மரத்திற் பொறித்த இலக்கத்தையும் வாசித்தல் வேண்டும். மெக்சிக்கோவில் ஆனது தாழ்ந்தது என்பது எமது கருத்தன்று. எந்த விலைக்கு எதை வாங்குகின்றோம் என்பதை அறிந்து வாங்கவேண்டும் என்பதே கருத்து. மேலும், "அமெரிக்காவில் ஆனது" என்பது கைவேலையைத்தான் குறிக்கும். அந்த மகோகனி வேறு மண்ணிலே வளர்ந்தது.

புதியது எட்டாதெனின், பிறர் வைத்திருந்து விற்பதைத் தேடுவதே வழி. பழைய வாத்தியங்கள் விற்கும் கடையொன்றில் அறுபதாண்டு கடந்த மகோகனிக் கிற்றார் ஒன்று இருந்தது. செய்தோர் பெயரை இங்கே கூறுவது முறையன்று. பழைய தேனின் நிறம். ஒரு கீறலும் இல்லை. விலை 900 டொலர். மகள் அதை மடியில் வைத்ததும் முகம் மலர்ந்தாள். ஆனால் ஏழாம் மெட்டுக்கு மேலே விரல் ஏறியபோது அவளுடைய புருவம் சுருங்கிற்று.

வாசகர்கள் இவ்விடத்தைச் சற்று நிதானித்து வாசிக்கவேண்டும். கிற்றாரின் ஆறு உருக்குத் தந்திகளும், மெல்லியவையாயினும், ஏறத்தாழ 160 இறாத்தல் விசையுடன் கழுத்தை முன்னோக்கி இழுத்தபடியே இருக்கின்றன. இரவும் பகலும் பல்லாண்டு இழுத்தால் கழுத்து உடலோடு சேரும் கோணம் சிறிது மாறும். தந்திகள் மெட்டுக்களை விட்டு உயரும். இதனைக் காண வழியொன்று உண்டு. நேரான அடிமட்டம் ஒன்றை மெட்டுக்களின் மேல் நீளமாக வைத்தால், அதன் முனை குதிரையின் மேற்பரப்பைத் தொட்டு நிற்கவேண்டும். பன்னிரண்டாம் மெட்டிலே தடித்த தந்தி இரண்டரை மில்லிமீற்றர் அளவில் உயர்ந்திருத்தல் நலம். இந்தக் கிற்றாரிலோ அடிமட்டம் குதிரையின் இடுப்பிலே முட்டியது. தந்தி நான்கு மில்லிமீற்றரையும் கடந்து நின்றது. குதிரையின்மேல் தந்தி ஏறி நிற்கும் எலும்புத் துண்டோ இனி அராவ இடமின்றி ஏற்கெனவே தேய்க்கப்பட்டிருந்தது. இதற்குப் பரிகாரம் கழுத்தைக் கழற்றிக் கோணந் திருத்தி மீண்டும் பொருத்துவதேயாம். அவ்வூரில் வாத்தியந் திருத்தும் ஒருவரிடம் கேட்டோம்: கூலி 500 டொலர். தொள்ளாயிரம் என்று எழுதப்பட்டிருந்தது உண்மையில் ஆயிரத்து நானூறு.

கடைக்காரர் நல்ல மனிதர். மாதத் தவணையிற் செலுத்தலாமென்றார். மகள் ஒன்றும் பேசாமல் எம் முகத்தைப் பார்த்தாள். ஒரு பார்வையால் ஒரு தந்தையை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லலாம் என்பதைப் பெண்களைப் பெற்றோர் அறிவர். "மாதக் காசெண்டால் வேண்டாம்" என்றார் அவளுடைய தாயார். நாமும் அதனையே சொன்னோம். வீடு திரும்பும் வழி முழுவதும் காருக்குள்ளே பேச்சில்லை. மீண்டும் அந்த மூன்று மாத மௌனம் வந்துவிடுமோ என்ற கவலை எமக்கு இருந்தது.

மூன்று வாரஞ் சென்றபின் வேறொரு கடையில் நாசரேத்திலே செய்த 000-15 ஒன்று வந்தது. உள்ளே பொறித்திருந்த தொடரிலக்கத்தை நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டதில் அது 2001 ஆம் ஆண்டினது எனத் தெரிந்தது. ஒலித்துளைக்கு அருகே நகம் பட்டுத் தேய்ந்த தழும்பு. பக்கத்திலே ஒரு சிறு குழிவு. அவற்றாலேயே விலை 850 டொலருக்கு இறங்கியிருந்தது. அடிமட்டம் வைத்தோம், குதிரையின் மேற்பரப்பை நேரே தொட்டது. குதிரை ஒட்டிய இடத்திலே தாள் நுழைய இடைவெளியில்லை. உள்ளே சிறு விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். வெடிப்பில்லை, தாங்குபட்டை ஒன்றும் கழரவில்லை. மார்ட்டின் கிற்றார்களிலே 1985 முதற்கொண்டு கழுத்தினுள் திருகித் திருத்தும் உருக்குக் கோல் உண்டு. அது கழுத்தின் வளைவைத் திருத்துமேயன்றி முற்கூறிய கோணத்தைத் திருத்தாது. எனினும் இருப்பது நன்மை.

இத்தனையும் கண் செய்த வேலை. இனிக் காதின் முறை. மகளைச் சுவரைப் பார்த்து இருக்கச் செய்தோம். கடை உதவியாளர் மூன்று கிற்றார்களில் ஒரே சிறு பகுதியை ஒழுங்கை மாற்றி மாற்றி வாசித்தார். அவற்றுள் ஒன்று 2000 டொலருக்கு மேற்பட்ட, ஸ்புரூஸ் முகப்புடைய புதிய வாத்தியம். மூன்று சுற்றிலும் மகள் ஒன்றையே தெரிந்தாள். "அது சத்தம் போடுது, அப்பா, இது கதைக்குது" என்றாள். திரும்பிப் பார்த்தபோது உதவியாளரின் கையிலிருந்தது அந்தத் தழும்புக் கிற்றார். பின்னர் அதைத் தானே வாங்கி வாசித்து, மெதுவாகப் பாடவுஞ் செய்தாள். அக்கடையிலே நாலு பேர் நின்றதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கணக்கு வருமாறு: விலை 850 டொலர், மாநில வரி நூற்றுக்கு 6 வீதம் 51 டொலர், புதுத் தந்தியும் சீர்ப்படுத்துங் கூலியும் 65 டொலர். மொத்தம் 966. பெட்டி விலையினுள் அடங்கிற்று. மிஞ்சிய 34 டொலரில் ஈரப்பதங் காட்டும் சிறு கருவியும் இரண்டு தொகுதித் தந்தியும் வாங்கினோம்.

அந்தக் கருவி வீண்செலவன்று. திண்மரத்தால் ஆன வாத்தியம் காற்றின் ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வாழ்வது. நூற்றுக்கு 45 முதல் 55 வரையான ஈரப்பதமே அதற்கு உகந்தது. பென்சில்வேனியாவின் மாரியில் வெப்பமூட்டிய வீடு மரத்தை உலர்த்தி வெடிக்கச் செய்யும். யாழ்ப்பாணத்து மாரியிலோ முகப்பலகை ஈரத்தால் உப்பித் தந்தியை உயர்த்தும். 2024 இல் ஊர் திரும்பியபின், ஈரம் உறிஞ்சும் பொதிகளுடன் பெட்டிக்குள் வைப்பதே வழக்கமாயிற்று. நாடு கடந்து கொண்டுசெல்வோர் மரவகைச் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனி 2003 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆயினும் அக்கட்டுப்பாடு மரத்துக்கும் பலகைக்குமேயன்றிச் செய்து முடித்த வாத்தியத்துக்கன்று. பிரேசில் தோதகத்தி ஒழிந்த ஏனைய தோதகத்தி வகைகள் சேர்ந்த வாத்தியங்களும் 2019 இல் விலக்குப் பெற்றன.

எனவே, பெற்றோர்க்கு யாம் கூறத்தக்கது இதுதான். முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். வரியையும் சீர்ப்படுத்துங் கூலியையும் அதனுள் அடக்குங்கள். இரண்டாவது, கழுத்தின் கோணத்தைப் பாருங்கள்; அது தவறினால் மற்றெல்லாம் வீண். மூன்றாவது, உள்ளேயுள்ள சீட்டை வாசியுங்கள். நான்காவது, பிள்ளையின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு அதன் காதை நம்புங்கள். தழும்புக்கு அஞ்சவேண்டாம், அது விலையைக் குறைக்குமேயன்றி ஒலியைக் குறையாது. மாணவர்க்கும் ஒரு சொல்: ஆயிரம் டொலர் வாத்தியந்தான் சங்கீதத்தைத் தருமென்பதில்லை. எந்த வாத்தியத்தில் உங்கள் குரல் தன்னை மறந்து எழுகின்றதோ, அதுவே உங்களுக்குரியது.

ஊர் வந்த நாள் முதல் மாலைதோறும் விறாந்தையிலே பாட்டு நடக்கின்றது. மகோகனி மெல்லிய குரலுடையது என்று முன்னரே சொன்னோம். அம்மம்மாவுக்குக் காது சற்று மந்தம். "சத்தம் காணாது பிள்ளை, கிட்ட வா" என்பார். அவளும் கதிரையை விட்டு இறங்கி, அவருடைய முழங்காலருகே நிலத்தில் இருந்து பாடுவாள்.