மவுன்ட் ரோட்டில் மாட்டிய எஃப்

உங்க ஹாஸ்டல்ல கண்டிப்பா ஒருத்தன் இருப்பான். ராத்திரி பத்து மணிக்கு மேல, மொட்டை மாடியில, தண்ணி டேங்க் ஓரமா உட்கார்ந்து, அதே நாலு கார்டைத் திரும்பத் திரும்ப வாசிச்சு, கீழ் ரூம்காரன் சாபத்தை எல்லாம் வாங்கிக் கட்டிக்குவான். (கார்டுன்னா ஏ.டி.எம். கார்டு இல்லை. மூணு ஸ்வரங்களுக்குக் குறையாம சேர்த்து ஒரே அடியில அடிக்கிறது!) எங்க ஹாஸ்டல்ல அந்த ஜீவன் நான்தான்.

முதல்ல மாடியைக் காட்டிடறேன். தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரி சத்தம் விடிய விடியக் கேட்கிற தூரத்துல எங்க ஹாஸ்டல். மாடி முழுக்கக் கொடிக் கயிறு. அதுல மூணு நாளா காயற ஜீன்ஸ், ஒத்தையா தொங்கற சாக்ஸ். மீனம்பாக்கத்துல இறங்கப்போற ஃப்ளைட் தலைக்கு மேல சிவப்பு, பச்சை விளக்கோட போகும். ஹாஸ்டல் வைஃபை ஒழுங்கா கிடைக்கிற ஒரே இடம் அந்த டேங்க் ஓரம்தான். அதனால காதலர்கள், கேம் ஆடறவங்க, கடைசி நேரத்துல அசைன்மென்ட் ஏத்தறவங்க எல்லாரும் அங்கேதான் ஆஜர். என் குருகுலமும் அதுதான்.

கிடார் வந்த கதை சிம்பிள். பாஸ் அவுட் ஆன சீனியர் ஒருத்தர் ஊருக்குத் தூக்கிட்டுப் போக முடியாம 3,000 ரூபாய்க்கு என் தலையில கட்டிட்டார். 'மெஸ் பில்லுக்கு அனுப்பின காசா அது?'ன்னு அம்மா இன்னமும் கேட்கறாங்க. இன்னமும் நான் பதில் சொல்லலை. வாத்தியாருக்குக் கொடுக்கக் கையில காசில்லை. அதனால ஆன்லைன்!

ஆன்லைன்ல கிடார் கத்துக்கிறவங்களுக்கு ஜஸ்டின் சாண்டர்கோ பேரு தெரியாம இருக்காது. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாக்காரர். 2003-லேயே இணையதளம் தொடங்கி, இலவசமா பாடம் போட ஆரம்பிச்சவர். யூடியூப் வந்ததே 2005-லதான், யோசிச்சுப் பாருங்க. அவர்கிட்ட ஒரு பயிற்சி இருக்கு. ரெண்டு கார்டை எடுத்துக்கணும். செல்போன்ல ஒரு நிமிஷம் அலாரம். அதுக்குள்ள ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு எத்தனை தடவை விரலை மாத்தறோம்னு எண்ணணும். தினமும் அதைக் குறிச்சு வைக்கணும். அவ்வளவுதான்.

இன்ஜினீயரிங் பையன்கிட்ட நம்பரைக் கொடுத்தா விடுவானா? சி-யிலிருந்து ஜி-க்கு முதல் நாள் 9. ரெண்டாவது வாரம் 18. மூணாவது மாசம் 41. எல்லாம் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் லேப் ரெக்கார்டோட கடைசிப் பக்கத்துல கிராஃப் போட்டே வெச்சிருந்தேன். விரல் நுனி முதல்ல எரிஞ்சது, அப்புறம் தோல் உரிஞ்சது, அப்புறம் காய்ச்சுப் போச்சு. மெஸ்ல சுடச்சுட இட்லியை இடது கையால எடுத்தாக்கூட உறைக்கலைன்னா பார்த்துக்கோங்க! ஆறாவது மாசம் 62. அன்னிக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்கணுமே... ஏதோ உலக டூர் கிளம்பற மாதிரி!

ஒரே ஒரு ஆள் மட்டும் வழிக்கு வரவே இல்லை. எஃப். ஆள்காட்டி விரலைக் கிடார் கழுத்துல முதல் கட்டத்துல குறுக்கே படுக்கப் போட்டு, ஆறு கம்பியையும் ஒரேடியா அழுத்தணும். மத்த மூணு விரல் வேற வேற இடத்துல நிக்கணும். நான் அழுத்தினா வர்றது இசை இல்லை, 'டப்' 'டப்'னு தகர டப்பாவைத் தட்டற சத்தம். நெட்டுல தேடிப் பார்த்தா உலகம் பூரா இதே புலம்பல்தான். பலர் கிடாரை மூட்டை கட்டற இடம் இந்த எஃப்-தானாம். 'நாம ஒண்ணும் தனி ஆள் இல்லை'ன்னு ஒரு அல்ப சந்தோஷம்.

இங்கே என் ரூம்மேட்டைச் சொல்லியாகணும். தேனிக்காரன். நல்லாப் பாடுவான், சும்மா ஒப்புக்குச் சொல்லலை. ராஜா சார் பிறந்த பண்ணைப்புரம் அவங்க மாவட்டம்கிறதால, ராஜா பாட்டு எல்லாமே அவனோட பூர்வீகச் சொத்துங்கிற நினைப்பு. முதல் ரெண்டு வருஷமும் கல்ச்சுரல்ஸ் செலக்‌ஷன்ல கரோக்கி போட்டுப் பாடி, 'லைவ்வா வாசிக்க ஆள் இருந்தா வா'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது வருஷம் லைவ்வா வாசிக்க நான் இருக்கேனே! 62 ஆச்சே!

செமஸ்டர் லீவுல ஆளுக்கொரு ஊர்ல இருந்ததால வீடியோ கால்ல சேர்ந்து வாசிச்சுப் பார்த்தோம். வேலைக்கே ஆகலை. நம்ம சத்தம் நெட்வொர்க்குக்குள்ள புகுந்து வெளிய வர சில பத்து மில்லிசெகண்ட் ஆனாலே தாளம் ஒட்டாது. எங்களுக்கு இருந்த சிக்னல்ல அரை செகண்டே ஓடிடுச்சு. அவன் பல்லவியில இருந்தா நான் இன்னும் பி.ஜி.எம்.-ல இருக்கேன். 'நேர்ல பார்த்துக்கலாம் மாப்ள'ன்னு கட் பண்ணிட்டோம். கம்யூனிகேஷன் படிக்கிற எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். தட்டலை.

செலக்‌ஷன் அன்னிக்கு ஆடிட்டோரியம். முன் வரிசையில மூணு சீனியர், ஒரு மேடம். பாட்டு ஆரம்பிச்சாச்சு. சி, ஜி, ஏ மைனர் எல்லாம் வழுக்கிட்டுப் போகுது. அடுத்தது எஃப். விரலைப் படுக்கப் போட்டேன். அது முழுசா படுக்கற வரைக்கும் என் வலது கை நின்னுடுச்சு. அவன் அந்த வார்த்தையை இழுத்துப் பிடிச்சுட்டுக் காத்துட்டு இருந்தான். எஃப் வந்தது. மறுபடி பாடினான். அடுத்த வரியில மறுபடி எஃப், மறுபடி நிறுத்தம். நாலாவது தடவை அவன் மூச்சு போயிடுச்சு. மேடம் சிரிக்காமலே 'தேங்க் யூ' சொன்னாங்க.

அவன் திட்டியிருந்தாப் பரவாயில்லை பாஸ். ரெண்டு நாள் பேசவே இல்லை. மூணாவது நாள் ராத்திரி, லைட் அணைச்ச பிறகு, கட்டில்லேர்ந்து சொன்னான். ''மாப்ள, ராஜா சாருக்கே தன்ராஜ் மாஸ்டர்னு ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து சொல்லித் தர வேண்டியிருந்துச்சுடா. நீ வாசிக்கறதை இதுவரைக்கும் யாராச்சும் கேட்டிருக்காங்களா?''

கேட்டவங்க லிஸ்ட்: கீழ் ரூம்காரன். சாபம் விட்டதோட சரி.

அந்தச் சனிக்கிழமை கிளம்பிட்டேன். எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கிண்டி, அங்கேர்ந்து மெட்ரோ. ட்ரெயின்ல கிடாரோட ஏறிப் பார்த்திருக்கீங்களா? திடீர்னு வி.ஐ.பி. ஆயிடலாம். வேர்க்கடலை விக்கிறவர் 'ஒரு பாட்டு எடுத்து விடு தம்பி'ங்கறார். குரோம்பேட்டையில ஏறின பாட்டி பையைத் தடவிப் பார்த்து, ''வீணையாப்பா? ஏன் இவ்ளோ இளைச்சுப் போச்சு?''ன்னு கேட்டாங்க. அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி மேலே வந்தா மவுன்ட் ரோடு. பேரு அண்ணா சாலைன்னு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, நம்ம வாயில இன்னும் மவுன்ட் ரோடுதான். பழைய கட்டடத்து வளைவும் புதுக் கண்ணாடியும் தோளை இடிச்சுட்டு நிக்கிற ரோடு. வெயில் சும்மா பிளக்குது.

போன இடம் மியூசி மியூசிக்கல். 1842-ல மிஸ்கித் கம்பெனிங்கிற பேர்ல ஆரம்பிச்ச கடை. இந்தியாவுல முதல் பயணிகள் ரயில் ஓடறதுக்கு முன்னாடியே மெட்ராஸ்ல பியானோ வித்துட்டு இருந்திருக்காங்க! லண்டன் டிரினிட்டி காலேஜ் மியூசிக் தேர்வு எழுதற சென்னைப் பசங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான இடம். ராஜா சார் கிளாசிக்கல் கிடார்ல தங்க மெடல் வாங்கினதும் அதே டிரினிட்டியிலதான். உள்ளே கால் வைக்கவே கொஞ்சம் கூச்சமா இருந்தது. என் ரப்பர் செருப்பைப் பார்த்து பியானோக்கள் முறைக்கிற மாதிரி ஒரு ஃபீலிங்.

நான் வாங்கப் போனது ஒரு செட் கம்பி, அவ்வளவுதான். நம்ம ஊர் வியர்வைக்கும் கடல் காத்துக்கும் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிச்சுடும், என்னுது காபி கலருக்கே வந்திருந்தது. போன இடத்துல சும்மா இருக்காம, மாட்டியிருந்த ஒரு கிடாரை 'பார்க்கலாமா?'ன்னு கேட்டு வாங்கினேன். உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கலைன்னு உறுதி பண்ணிட்டு எஃப் பிடிச்சேன்.

மாட்டிச்சு.

ஆறு கம்பியும், ஒண்ணு விடாம, 'ஜம்'முனு. எட்டு மாசமா நான் மாடியில தவம் கிடந்த அந்தச் சத்தம், மவுன்ட் ரோட்டுல ஏதோ ஒரு கிடார்ல போற போக்குல வந்துடுச்சு. எனக்கு சந்தோஷப்படறதா அழுவறதான்னே தெரியலை.

பக்கத்துல பொண்ணுக்கு கிரேடு புஸ்தகம் வாங்க வந்த ஒரு சார் கேட்டுட்டு இருந்திருக்கார். வீட்டுலேயே கிடார் கிளாஸ் எடுக்கறவராம். என் பையைத் திறக்கச் சொல்லி, என் கிடாரை வாங்கி, கழுத்தைக் கண்ணுக்கு நேரா வெச்சு, துப்பாக்கியில குறி பார்க்கிற மாதிரி பார்த்தார். ''தம்பி, இதுல எஃப் வரலைன்னு உங்க விரலைத் திட்டினீங்களா? பாவம் விரல்!''

விஷயம் இதுதான். கழுத்தோட தலைப் பக்கத்துல, கம்பிகள் உட்கார்ந்து போற சின்ன வெள்ளைப் பட்டை ஒண்ணு இருக்கும். அதுக்குப் பேரு நட். அதுல இருக்கிற பள்ளம் போதுமான ஆழம் இல்லைன்னா, முதல் கட்டத்துல கம்பி உயரமா நிக்கும். எஃப் பிடிக்கிற இடமும் அதேதான். எவ்வளவு அழுத்தினாலும் போதாது. அவர் ஒரு சோதனை சொன்னார், உங்க கிடார்லயும் பண்ணிப் பாருங்க. முதல் கட்டத்துல ஒரு கேப்போவை மாட்டிட்டு, அதே எஃப் பிடியை ஒரு கட்டம் தள்ளிப் பிடிங்க. திடீர்னு ஈஸியாயிடுச்சுன்னா, தப்பு பெரும்பாலும் நட்டுலதான்.

எனக்கு ஈஸியாயிடுச்சு!

பார்த்தீங்களா? ஜஸ்டினுக்கு என் கிடாரைத் தெரியாது. அவர் வீடியோவுல இருக்கார், என் நட் மாடியில இருக்கு. எட்டு மாசமா என் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு அங்கேயே ஒரு குத்தாட்டம் போட்டிருப்பேன். அதுக்குள்ள சார் அடுத்த குண்டைப் போட்டார்.

''சரி, நட் இருக்கட்டும். கார்டு மாத்தும்போதெல்லாம் வலது கை ஏன் நிக்குது?''

''இடது கை செட் ஆகணும்ல சார்...''

''பாட்டு உங்க இடது கைக்காகக் காத்திருக்குமா?''

இங்கேதான் உண்மையை ஒத்துக்கணும். தாளம் பத்தின பாடமெல்லாம் வீடியோவுல இருந்தது. காலைத் தட்டிக்கிட்டே வாசி, மெட்ரோனோம் போட்டுக்கோன்னு அந்த மனுஷன் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் எக்ஸாமுக்கு முன்னாடி என்.பி.டி.இ.எல். வீடியோவை ஓட்டற மாதிரி 1.5 ஸ்பீடுல ஓட்டிட்டேன். அதாவது, தாளத்தைப் பத்தின பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்துல கேட்ட முதல் மேதை நானாத்தான் இருப்பேன். நிமிஷத்துக்கு 62 தடவை மாத்தினேன், சரிதான். சில தடவை அரை செகண்ட், சில தடவை ரெண்டு செகண்ட். சராசரி எடுத்தா சூப்பர். சராசரிக்கு யாரால பாட முடியும்? ரூம்மேட் மூச்சு முட்ட நின்னது கண்ணு முன்னாடி வந்து போச்சு.

சார் சொன்ன வைத்தியம் ரொம்பச் சின்னது. மெட்ரோனோமை 60-ல வை. எஃப் மாட்டினாலும் மாட்டாட்டியும் வலது கை மேலும் கீழும் போயிட்டே இருக்கணும். 'டப்'னு வந்தா வந்துட்டுப் போகட்டும், நிக்கக் கூடாது. சொல்லிட்டு, திருவல்லிக்கேணிப் பக்கம் ரிப்பேர் பண்ற ஒருத்தருக்கு வழியும் சொல்லிட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டார். பேருகூடக் கேட்கலை நான்.

ரிப்பேர் அண்ணன் கடை, கடைன்னு சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. சுவர்ல கழுத்து இல்லாத வயலின், வயிறு கிழிஞ்ச தபேலா. நூல் மாதிரி மெல்லிசா ஒரு அரம் எடுத்து, ஒவ்வொரு பள்ளத்தையும் ரெண்டு இழுப்பு, கம்பியை மாட்டிப் பார்த்து, மறுபடி ஒரு இழுப்பு. ''அதிகமா ராவினா கம்பி தகரம் மாதிரி அதிரும், அப்புறம் நட்டையே மாத்தணும். யூடியூப் பார்த்து நீயே பண்ணிடாதே''ன்னார், என் மூஞ்சியைப் படிச்ச மாதிரி. அரை மணி நேரம், 300 ரூபாய், புதுக் கம்பியும் மாட்டியாச்சு. மீதிக் காசுல ரத்னா கஃபேயில சாம்பார்ல மிதக்கிற இட்லி. அதைச் சாப்பிடாம திருவல்லிக்கேணியை விட்டுக் கிளம்பறவன் மனுஷனா?

அடுத்த மூணு வாரம் கிராஃப் போடலை. 60-ல மெட்ரோனோம், டிக் டிக். கேவலமா இருந்தது, சத்தியமா. எட்டு மாசம் வாசிச்சவன் ஒண்ணாம் கிளாஸுக்குத் திரும்பிப் போன மாதிரி. ஆனா நாலாவது வாரம் ஒரு ராத்திரி, டேங்க் ஓரத்துல யாரோ பக்கெட்டைக் கவுத்து வெச்சு உட்கார்ந்தாங்க. தேனிக்காரன். கொடியில தொங்கற ஜீன்ஸை விலக்கிட்டு, பக்கெட் அடியில ரெண்டு விரலால தட்ட ஆரம்பிச்சான். நான் மெட்ரோனோமை ஆஃப் பண்ணேன்.

சி. ஜி. ஏ மைனர். எஃப் வந்தது. பாதிக் கம்பி பாடிச்சு, பாதி 'டப்'புன்னுச்சு. என் கை நிக்கலை. அவனும் வார்த்தையை இழுக்கலை, நேரா அடுத்த வரிக்குப் போயிட்டான். ரெண்டாவது எஃப் முக்கால்வாசி. மூணாவது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலை, நான் அவன் பாட்டைக் கேட்டுட்டு இருந்தேன்.

படிக்கட்டுல டார்ச் வெளிச்சம். வாட்ச்மேன் தாத்தா. ''மணி பதினொன்றரை, வார்டன் எழுந்தா என் வேலை போயிடும்பா''ன்னு சொல்லிக்கிட்டே மேல வந்தவர், அங்கேயே கடைசிப் படியில உட்கார்ந்துட்டார்.

''சரி, ஆரம்பிச்சதை முடிச்சுட்டு இறங்குங்க.''